பதின்ம–இரும மாற்றி (மைன்கிராஃப்ட்)

பதின்ம–இரும மாற்றி என்பது, ஆட்டக்காரர் 0 முதல் 9 வரையான இலக்கங்களால் தரும் எண்ணை இரும எண்ணாக மாற்றும் ரெட்ஸ்டோன் சுற்று. மைன்கிராஃப்ட் உலகுக்குள் கட்டப்படும் கால்குலேட்டர், எண் பூட்டு, கணினி ஆகியவற்றுக்கு இது உள்ளீட்டுப் பகுதியாக அமைகிறது. ஓரிலக்க எண்ணுக்குக் கம்பிகளைச் சரியாக இணைத்தாலே போதும். இரண்டாம் இலக்கம் சேரும்போது கூட்டல் சுற்றும் தேவைப்படும்.

பாகங்கள்

ரெட்ஸ்டோன் 2010 ஜூலையில், விளையாட்டின் ஆல்ஃபா பதிப்பில் அறிமுகமானது. இதன் தூளைத் தரையில் இட்டால் அது கம்பியாகிறது. லீவர் தரும் சமிக்ஞையின் வலிமை 15. தூளில் ஒவ்வொரு பிளாக் கடக்கும்போதும் அதில் ஒன்று குறையும். 2011இல் வந்த ரிப்பீட்டர் அதை மீண்டும் 15 ஆக்குவதோடு, சமிக்ஞை பின்னோக்கிப் பாயாமலும் தடுக்கிறது. ரெட்ஸ்டோன் டார்ச், தான் பொருத்தப்பட்ட பிளாக்குக்கு மின்சாரம் வந்தால் அணையும். எனவே அது ‘இல்லை’ வாயில். இரண்டு தூள் கம்பிகள் ஒன்றாகச் சேரும் இடம் ‘அல்லது’ வாயில். இவ்விரண்டையும் கொண்டு எல்லாத் தருக்க வாயில்களையும் கட்டிவிடலாம். 2013 மார்ச்சில் வெளியான 1.5 பதிப்பு கம்பரேட்டரைச் சேர்த்தது. இது சமிக்ஞை வலிமைகளை ஒப்பிடவும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கவும் வல்லது.

ஓரிலக்க மாற்றி

பத்து லீவர்கள் உள்ளீடு. 8, 4, 2, 1 என்ற இடமதிப்புள்ள நான்கு கம்பிகள் வெளியீடு. ஒவ்வொரு லீவரும் தன் எண்ணுக்கு வேண்டிய கம்பிகளோடு மட்டும் இணைக்கப்படும்.

1-ஆம் கம்பி: 1, 3, 5, 7, 9
2-ஆம் கம்பி: 2, 3, 6, 7
4-ஆம் கம்பி: 4, 5, 6, 7
8-ஆம் கம்பி: 8, 9

மொத்தம் 15 இணைப்புகள். பூஜ்ஜியத்துக்கு இணைப்பே கிடையாது. ஒவ்வொரு இணைப்பிலும் ரிப்பீட்டர் இருக்க வேண்டும். இல்லையெனில் 7-ஐ அழுத்தும்போது சமிக்ஞை பொதுக் கம்பி வழியாக 9-இன் கம்பிக்குள் திரும்பிச் சென்று, 8-ஆம் கம்பியையும் எரியவைக்கும். அடுத்தடுத்த தூள் கம்பிகள் தாமாக ஒட்டிக்கொள்வதால், குறுக்கே செல்லும் கம்பிகளை வேறு மட்டத்தில் கட்டுவது வழக்கம். ஒரே நேரத்தில் 1, 2 இரண்டையும் இயக்கினால் வெளியீடு 3 ஆகிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட லீவர்கள் இயங்காதபடி தடுக்கத் தனிச் சுற்று வேண்டும்.

இரண்டு இலக்கங்கள்

47 என்று தரும்போது 4-ஐயும் 7-ஐயும் தனித்தனியே மாற்றினால் 0100, 0111 என்ற இரு குழுக்களே கிடைக்கும். அவற்றை அருகருகே வைத்தால் 47-இன் இரும வடிவம் ஆகாது. பத்தாமிட இலக்கத்தைப் பத்தால் பெருக்கி ஒன்றாமிட இலக்கத்தோடு கூட்ட வேண்டும். பத்து என்பது எட்டும் இரண்டும் சேர்ந்தது என்பதால் பெருக்கல் எளிதாகிறது. இரண்டால் பெருக்கக் கம்பிகளை ஓரிடம் தள்ளிப் பிணைக்க வேண்டும். எட்டால் பெருக்க மூன்றிடம். எனவே 32, 8, 7 ஆகிய மூன்றையும் இரண்டு கூட்டிச் சுற்றுகள் சேர்த்து 101111 என்ற விடையைத் தருகின்றன. 99 வரை காட்ட ஏழு பிட்கள் போதும். மூன்றிலக்க எண்ணுக்குக் கிடைத்த விடையையே மீண்டும் பத்தால் பெருக்கி, அடுத்த இலக்கத்தைக் கூட்டுவர். 999-க்குப் பத்து பிட்கள் வேண்டும்.

வலிமை முறை

கம்பரேட்டர் வந்தபின் வேறொரு வழியும் பிறந்தது. இதில் எண்ணே சமிக்ஞையின் வலிமையாக, 0 முதல் 15 வரை, ஒரே கம்பியில் வரும். அந்தக் கம்பியின் எட்டாவது தூள், வலிமை 8-ஓ அதற்கு மேலோ இருந்தால்தான் ஒளிரும். அதுவே 8-ஆம் பிட். அது ஒளிர்ந்தால் கம்பரேட்டர் 8-ஐக் கழித்து, மிச்சத்தை 4-க்கான சோதனைக்கு அனுப்பும். 13 என்றால் 8 கழிந்து 5, பிறகு 4 கழிந்து 1. 2-க்கான சோதனையில் எதுவும் கழியாது. விடை 1101.

தாமதம்

டார்ச், கம்பரேட்டர் ஒவ்வொன்றும் 0.1 வினாடி எடுக்கும்; ரிப்பீட்டரில் 0.1 முதல் 0.4 வினாடி வரை வைக்கலாம். கூட்டியில் மிகுதி இலக்கம் ஒவ்வொரு பிட்டாகக் கடந்து செல்வதால், உயர் பிட்கள் பிந்தியே நிலைபெறும். இடைப்பட்ட நேரத்தில் தவறான எண் தோன்றும். கணக்கு முடியும்வரை வெளியீட்டு ரிப்பீட்டர்களைப் பூட்டி வைப்பது இதற்குத் தீர்வு.

பிற விளையாட்டுகளில்

ஃபாக்டோரியோவில் ஒரு சமிக்ஞையே 32 பிட் முழு எண்ணைச் சுமக்கும்; கூட்டல், பெருக்கலை விளையாட்டின் கணிதக் கருவியே செய்துவிடும். எந்தப் பிட் வேண்டுமோ அத்தனை இடம் எண்ணை வலப்புறம் நகர்த்தி, 1-உடன் ‘மற்றும்’ செயலைச் செய்தால் போதும். கூட்டியைக் கட்டும் வேலை அங்கே இல்லை.