அந்த ஐந்து கோடுகளுக்கு யார் சொந்தக்காரர்?

பியானோவோ வயலினோ கத்துக்கிட்டு, புதுசா ஒரு டேப்லெட்டும் வாங்கினவங்க முதல்ல கேட்கிற கேள்வி: ஷீட் மியூசிக் படிக்க எந்த ஆப் நல்லது? பக்கம் வேகமா திரும்புதா, புளூடூத் பெடல் வேலை செய்யுதா என்றுதான் பெரும்பாலும் பார்ப்போம். அதெல்லாம் தேவைதான். ஆனால் இசைத்தாளின் ஐந்நூறு வருஷக் கதை வேறொரு கேள்வியையும் கேட்கச் சொல்கிறது: சாவி யார் கையில் இருக்கு?

கதை வெனிஸில் தொடங்குகிறது. ஒட்டாவியானோ பெட்ருச்சி என்ற அச்சகக்காரர் 1498-இல் அந்த நகர அரசிடம் ஓர் உரிமை வாங்கினார். பல குரல்கள் சேர்ந்து பாடும் இசையை 20 ஆண்டுகளுக்கு அவர் மட்டுமே அங்கே அச்சடிக்கலாம். 1501-இல் 96 பாடல்களுடன் அவருடைய முதல் புத்தகம் வந்தது. அச்சு எழுத்துகளைக் கோத்து அப்படிப்பட்ட இசையை அச்சிட்ட முதல் தொகுப்பு அதுதான். அவர் வேலை செய்த விதத்தைப் பாருங்க. ஒரே தாளைத் திரும்பத் திரும்ப அச்சுக்குள் விட வேண்டும். கோடுகள் ஒரு முறை, ஸ்வரக் குறிகள் ஒரு முறை, பாட்டு வரிகள் இன்னொரு முறை. தாள் கொஞ்சம் நகர்ந்தால் போதும், குறி அடுத்த கோட்டில் உட்கார்ந்துவிடும்; ஸ்வரமே மாறிவிடும். அழகான புத்தகங்கள்தான், ஆனால் சாதாரண ஆள் வாங்க முடியாத விலை.

1528 வாக்கில் பாரிஸில் பியர் அட்டெஞ்ஞான் ஒரு குறுக்கு வழியைப் பெரிய அளவில் கையாண்டார். ஒவ்வொரு அச்சு எழுத்திலும் ஸ்வரக் குறியோடு அதன் பின்னாலுள்ள கோட்டுத் துண்டும் சேர்ந்தே இருக்கும். ஒரே அழுத்தில் வேலை முடிந்தது. கோடுகள் அங்கங்கே விட்டுவிட்டுத் தெரிந்தன, அழகு குறைந்தது. கூடவே விலையும் குறைந்தது. அந்த முறைதான் ஐரோப்பா முழுக்கப் பரவியது.

தொழில்நுட்பம் திறந்துவிட்ட கதவைச் சட்டம் பூட்டியதும் உண்டு. 1575-இல் இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத், தாமஸ் டாலிஸ், வில்லியம் பேர்ட் என்ற இரண்டு இசையமைப்பாளர்களுக்கு 21 ஆண்டு ஏகபோகம் கொடுத்தார். அச்சிட்ட இசை மட்டுமில்லை, இசை எழுதுவதற்காகக் கோடு போட்ட வெற்றுத் தாளும் அந்த உரிமைக்குள் வந்தது! நீங்களே ஒரு மெட்டு எழுதணும்னாலும், அந்த அச்சிட்ட தாளுக்கு அவங்க உரிமையைத் தாண்டிப் போக முடியாது. வேடிக்கை என்னவென்றால், அதே வருஷம் அவர்கள் போட்ட புத்தகம் சரியாக விற்கவில்லை. இரண்டு வருஷத்தில் நஷ்டம் என்று ராணியிடமே மனு கொடுத்தார்கள்.

இப்போ ஒரே தாவல், 2006. எட்வர்ட் குவோ என்ற மாணவர் கனடாவிலிருந்து ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இணைய நூலகத்தைத் தொடங்கினார். பதிப்புரிமைக் காலம் முடிந்த இசைத்தாள்களை யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், இறக்கலாம். 2007 அக்டோபரில் வியன்னாவின் யூனிவர்சல் எடிஷன் பதிப்பகம் சட்ட நோட்டீஸ் அனுப்பியது. இசையமைப்பாளர் இறந்து 50 ஆண்டு ஆனால் போதும் என்றது அன்றைய கனடா சட்டம். ஐரோப்பாவில் 70 ஆண்டு. தளம் மூடப்பட்டது. 2008 ஜூன் கடைசியில் மறுபடி திறந்தது. அந்த நூலகத்தின் இன்னொரு பெயர் என்ன தெரியுமா? பெட்ருச்சி இசை நூலகம். அன்று தனியுரிமை வாங்கிப் பூட்டியவரின் பெயர் இன்று திறந்த கதவின் மேல்.

2010-இல் ஐபேட் வந்தது. அதே வருஷம் ஃபோர்ஸ்கோர் ஆப்பும் வந்தது. ஆண்ட்ராய்டு பக்கம் மொபைல்ஷீட்ஸ் வளர்ந்தது. 2012-இல் பிரஸ்ஸல்ஸ் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, டேப்லெட்டைப் பார்த்து மேடையில் வாசித்தது. பூட்டும் புது வடிவத்தில் வந்தது. அதுதான் ஃபைல் வகை.

இதற்கு ஓர் உதாரணம். 1988-இல் வந்த ஃபினாலே, உலகமெங்கும் இசையமைப்பாளர்கள் பயன்படுத்திய எழுது மென்பொருள். 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனம், இனி அதை வளர்க்கப் போவதில்லை என்று அறிவித்தது. முப்பது வருஷ உழைப்பை அதன் சொந்த ஃபைல் வகையில் மட்டும் வைத்திருந்தவர்கள் பதறினார்கள். மியூசிக் எக்ஸ்.எம்.எல். வடிவிலும் ஒரு பிரதி வைத்திருந்தவர்களுக்கு வேறு மென்பொருளுக்கு மாறுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. பி.டி.எஃப். என்பது பக்கத்தின் படம் மாதிரி. எதிலும் திறக்கும், ஆனால் ஸ்வரத்தை மாற்ற முடியாது. மியூசிக் எக்ஸ்.எம்.எல். ஸ்வரங்களையே சேமிக்கிறது, அதனால் சுருதியை மாற்றலாம், திருத்தலாம்.

அப்போ என்ன செய்யலாம்? காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோதனை. ஒரே ஒரு பாட்டை ஆப்பில் ஏற்றுங்க. எந்த விரல், எங்கே மூச்சு, எங்கே வேகம் குறையணும் என்று பென்சில் குறிப்பு போடுங்க. அதை வெளியே அனுப்பி, வேறு கம்பெனி போனில் திறந்து பாருங்க. குறிப்புகளோடு திறந்தால் அந்த ஆப்பை நம்பி வாங்கலாம். திறக்கலைன்னா, பக்கம் எவ்வளவு அழகா திரும்பினாலும் யோசிங்க. இசைத்தாளை யாரும் மறுபடி அச்சடிக்கலாம். அதன் மேல் நீங்க வருஷக்கணக்கா எழுதினது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.