பறையைத் தடுத்த நாடும் பறையைத் திணித்த நாடும்: ஜாஸ் கேட்கத் தொடங்கும் தோழருக்கு

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் லோக்கலுக்குக் காத்திருந்தபோது, எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, ஜாஸ் கேட்கணும்னு ஆசை. போட்டுப் பார்த்தா பெரிய ஓட்டல்ல ஓடுற மியூசிக் மாதிரி இருக்கு. இது பணக்காரங்க சமாச்சாரம் தானே? எதுல ஆரம்பிக்கிறது?"

வண்டி வந்துவிட்டதால் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதி இது. எந்த ஆல்பத்தைக் கேட்கலாம் என்று சொல்வதற்கு முன், ஜாஸ் யாருடைய இசை என்று சொல்லியாக வேண்டும்.

1739இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். கொட்டு முழக்கி ஆள் சேர்த்துக்கொண்டே நடந்தார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வந்த சட்டம், அடிமைகள் கொட்டு வைத்திருப்பதையே தடை செய்தது. ஆயுதத்தைப் போலவே கொட்டையும் கண்டு ஆண்டைகள் அஞ்சினார்கள்.

நம் கதை தலைகீழ். இங்கே கொட்டை யாரும் பிடுங்கவில்லை, கையில் திணித்தார்கள். சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, தண்டோரா போடு. அடிக்க மறுத்தால் ஊரைவிட்டு ஒதுக்கினார்கள். தண்டோரா வழக்கத்தைத் தடை செய்யும்படி தமிழ்நாடு அரசு உத்தரவிட்டதே 2022இல்தான். அங்கே இசைப்பதற்காகப் போராடினார்கள். இங்கே இசைக்க மறுப்பதற்காகப் போராடினோம். இரண்டும் ஒரே போராட்டம்தான்: என் கை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் மட்டும், காங்கோ சதுக்கம் என்ற திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் கூடிக் கொட்டவும் ஆடவும் முடிந்தது. அந்த ஊரில்தான் பின்னாளில் ஜாஸ் பிறந்தது. அங்கே சாவு ஊர்வலத்தில் பேண்டு செட் போகும். இடுகாட்டுக்குப் போகும்போது மெல்லிய சோக இசை, திரும்பும்போது ஆட்டமும் பாட்டும். சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடும் வடசென்னைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் 1917இல் வெளியான முதல் ஜாஸ் இசைத்தட்டு யாருடையது தெரியுமா? முழுக்க வெள்ளையர்களே இருந்த ஒரு குழுவினுடையது. உருவாக்கியவர் ஒருவர், பெயர் வாங்கியவர் இன்னொருவர். சதிராட்டம் பரதநாட்டியமான கதையை அறிந்தவர்களுக்கு இதுவும் புதிதல்ல.

இனி, கேட்க வேண்டியவை. இந்த வரிசையிலேயே கேளுங்கள்.

முதலில், லூயி ஆம்ஸ்ட்ராங் 1925 முதல் 1928 வரை பதிவு செய்த 'ஹாட் ஃபைவ்', 'ஹாட் செவன்' இசைத்தட்டுகள். வறுமையில் வளர்ந்த சிறுவன். கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்த பேண்டில் பயிற்சி பெற்றவர். குழுவாக வாசிக்கும் இசையில் ஒரு தனி மனிதன் எழுந்து நின்று தன் குரலில் பேசலாம் என்று காட்டியவர் அவர்.

இரண்டாவது ஆல்பம் அல்ல, ஒரே பாட்டு. பில்லி ஹாலிடே 1939இல் பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'. கும்பலால் கொல்லப்பட்டு மரத்தில் தொங்கவிடப்பட்ட கறுப்பின மனிதர்களின் உடல்களைப் பற்றியது. அவருடைய வழக்கமான கம்பெனி பதிவு செய்ய மறுத்ததால், ஒரு சிறிய கம்பெனி வெளியிட்டது.

மூன்றாவது, மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. ஜாஸ் என்றாலே எல்லோரும் முதலில் கைகாட்டும் ஆல்பம். இரவில் தனியாகக் கேளுங்கள், அமைதியாக இருக்கும். கேட்டு முடித்தபின் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்: அது வெளியான சில நாட்களில், தான் வாசித்துக்கொண்டிருந்த நியூயார்க் கிளப்பின் வாசலில் இடைவேளையில் நின்றிருந்த மைல்ஸை 'நகர்ந்து போ' என்றது போலீஸ். நான் இங்கேதான் வாசிக்கிறேன் என்று சொன்ன அவர் மண்டை உடைய அடிக்கப்பட்டார். உள்ளே கைதட்டல், வெளியே லத்தி.

நான்காவது, அதே 1959இல் வந்த சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ உம்'. கறுப்பின மாணவர்கள் 9 பேர் பள்ளிக்குள் நுழைவதை ராணுவத்தை நிறுத்தித் தடுத்த ஆர்கன்சா ஆளுநர் ஃபாபஸை நையாண்டி செய்யும் இசை இதில் உண்டு. பெரிய கம்பெனி வரிகள் இல்லாமல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு மிங்கஸ் வேறொரு கம்பெனியில் வரிகளோடு பதிவு செய்தார். இரண்டையும் கேட்டால் தணிக்கை என்றால் என்னவென்று காதிலேயே புரியும்.

ஐந்தாவது, மேக்ஸ் ரோச்சின் 'வீ இன்சிஸ்ட்', 1960. நம் தோழர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது. அட்டைப்படத்தில் சாப்பாட்டுக் கடை மேசையில் மூன்று கறுப்பின இளைஞர்கள் உட்கார்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்ற மேசையில் உட்கார்ந்து எழ மறுத்தார்கள். இரட்டைக் குவளை டீக்கடைகளைப் பார்த்த நமக்கு அந்தப் படமே போதும். உள்ளே ஓரிடத்தில் அபே லிங்கன் சொல்லே இல்லாமல் அலறுவார். முதல் தடவை அணைத்துவிடத் தோன்றும். அணைக்காதீர்கள்.

ஆறாவது, ஜான் கோல்ட்ரேனின் 'லைவ் அட் பேர்ட்லேண்ட்' ஆல்பத்தில் உள்ள 'அலபாமா'. 1963 செப்டம்பர் 15 அன்று பர்மிங்காம் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள். இரண்டு மாதத்தில் கோல்ட்ரேன் இதைப் பதிவு செய்தார். ஐந்தே நிமிடம், ஒப்பாரி போல ஒரு சாக்ஸபோன். அந்த வழக்கில் முதல் தண்டனை கிடைக்க 14 ஆண்டுகள் ஆயின. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை எரித்த வழக்கிலோ, 1973இல் உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது.

கடைசியாக நம் ஊர். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. கானாவும் பறையும் கிதாரும் டிரம்ஸும் ஒன்றாக ஒலித்தன. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய அந்தக் குழுவின் பெயர், அயோத்திதாசர் பயன்படுத்திய 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து வந்தது. இது ஜாஸ் அல்ல. ஆனால் மேலே சொன்ன ஆறையும் கேட்டுவிட்டு இதைக் கேளுங்கள். சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்தது போல இருக்கும்.

இன்று பறை கல்லூரி விழாக்களில் அதிர்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் மேடையில் அடிப்பவருக்குக் கிடைக்கும் கைதட்டல், சாவு வீட்டில் அடித்தவருக்கு மரியாதையாக மாறியதா? பறை கற்றுக்கொள்ளும் தோழர் யாரிடம் கற்றேன் என்று மேடையில் பெயர் சொல்லுங்கள். எங்கள் அப்பா அடித்த பறையை நான் தொடமாட்டேன் என்று ஒரு பையன் சொன்னால், அவனுக்குப் பண்பாட்டு வகுப்பு எடுக்காதீர்கள். அதுவும் விடுதலைதான்.

என் பெரியப்பா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். கல்யாண ஊர்வலத்தில் முன்னால் நடப்பார், பந்தியில் கடைசியாகப் பின்வாசலில் சாப்பிடுவார். ஒருநாள் அவருக்கு ஆம்ஸ்ட்ராங்கைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடி முழுசாகக் கேட்டுவிட்டு, "யாருப்பா இது, எந்த ஊரு செட்டு?" என்றார்.

தம்பி, உன் கேள்விக்கு என்னைவிட அவர் நன்றாகப் பதில் சொல்லிவிட்டார். ஜாஸ் ஓட்டல் இசை இல்லை. அது நம்மைப் போன்ற இன்னொரு ஊரின் செட்டு.

ஜெய் பீம்.