நன்னம்பிக்கை முனை சுற்றிப் போன சனங்கள்

கடல் தாண்டினால் சாதி கெட்டுப்போகும் என்பது சாத்திரம். கெட்டுப்போனால் அழுவதற்குச் சாதியில் என்ன சுகத்தைக் கண்டார்கள் நம் சனங்கள்? 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் தமிழ்க் கூலிகளோடு குவாதலூப்பில் போய் நின்றது. அது கரீபியக் கடலில் பிரெஞ்சுக்காரனின் கரும்புத் தீவு. 1848இல் அங்கே அடிமைமுறை ஒழிந்துவிட்டது. கரும்பு வெட்ட ஆள் வேண்டும். 1889 வரை சுமார் 42,000 பேரை இறக்கினான். பெரும்பாலோர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள். பறையர், பள்ளர், சக்கிலியர் இருந்தார்கள். நொடித்துப்போன ஊர்ச்சாதிக்காரர்களும் இருந்தார்கள்.

கப்பல் கரைக்கு வராது. புருசன், பொண்டாட்டி, கைப்பிள்ளை எல்லாம் படகில் அலை தாண்டிப் போய் ஏறணும். பாய்மரக் காலத்தில் ஏறக்குறைய மூணு மாசப் பயணம். ஊரும் சேரியும் ஒரே தளத்தில் பக்கத்துப் பக்கத்தில் படுத்தன. அதற்காகக் கப்பலில் சாதி செத்துவிட்டது என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. கூலிக் கப்பல்களில் கக்கூஸ் கழுவ 'தோப்பாசு' என்று தனியாக ஆள் வைத்தார்கள். அந்த வேலை யார் தலையில் விழுந்திருக்கும்?

நன்னம்பிக்கை முனை சுற்றியதும் கேப்டவுனிலோ செயின்ட் எலினா தீவிலோ கப்பல் நிற்கும். நிற்பது தண்ணிக்கும் காய்கறிக்கும். செயின்ட் எலினா என்றால் நம் பாடப்புத்தகத்துக்கு நெப்போலியன் மட்டும்தான். அடிமைக் கப்பல்களை மறித்துப் பிடித்த ஆங்கிலேயக் கடற்படை, மீட்ட ஆப்பிரிக்கர்களை 1840 முதல் அங்கேதான் இறக்கியது. சுமார் 8,000 பேர் அந்தத் தீவிலேயே மாண்டு புதைந்தார்கள். அந்தப் புதைகுழித் தீவில் தண்ணி ஏற்றிக்கொண்டுதான், விடுதலையான அடிமைகளின் இடத்தை நிரப்ப நம் சனங்கள் போனார்கள்.

புருசன் பொண்டாட்டியையும், 15 வயசுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்தும் பிரித்து அனுப்பக் கூடாது என்று 1861ஆம் ஆண்டு ஆங்கில–பிரெஞ்சு ஒப்பந்தம் சொன்னது. தோட்ட முதலாளிகள் மேல் அவ்வளவு நம்பிக்கை!

அங்கே ராமசாமி, வீரப்பன், முத்துசாமி என்ற பாட்டன் பேர்களே குடும்பப் பேராகிவிட்டன. குவாதலூப்பில் பிறந்த கூலிகளின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு ஹென்றி சிதம்பரம் 1904இல் தொடங்கிய வழக்கு 1923இல்தான் முடிந்தது, வென்றார்.

பக்கத்துத் தீவான மர்த்தினிக்கில் மாரியம்மனுக்கு இணையாக நிற்பவர் 'மல்தெவிலின்'. வேறு யாருமில்லை, நம்ம மதுரைவீரன்தான். மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட, சக்கிலியர் வீட்டில் வளர்ந்த பிள்ளை அங்கே குதிரை மேல் இருக்கிறான். பூசாரி அரிவாள் முனையில் ஏறி நின்று அருள்வாக்குச் சொல்கிறார். கடலில் காப்பாற்றிய நாகூர் ஆண்டவருக்கும் பூசை உண்டு. 'நகூர்மிரா' என்று கூப்பிட்டு, கப்பல் பாய்மரம் மாதிரி ஒரு கம்பம் நட்டுக் கொடி ஏற்றுகிறார்கள்.