வானமும் வட்டியும்



கோலா தெர்லாவில் மழை வலுத்துக் காய்கறித் தோட்டம் கெட்டுப்போனால், அந்த வீட்டிலிருந்து யாராவது ஒருவர் கூலி வேலைக்குக் கிளம்புகிறார். கையில் சேமிப்புள்ள வீடு அடுத்த நடவு வரை பொறுத்துக்கொள்கிறது. கடன்பட்ட வீட்டால் முடிவதில்லை. நம் முன்னோர் கப்பலேறிய கதையும் இதுதான்.

சென்னை மாகாணத்தின் வானம் பார்த்த பூமியில் உழவர்கள் நிலத்தை மட்டும் நம்பி வாழ்ந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், இலங்கையில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களுக்குப் போய், கூலிப் பணத்தோடு பலர் ஊர் திரும்பினார்கள். நிலத்தைக் காப்பாற்றவே நிலத்தை விட்டுப் போனார்கள்.

1876இல் பருவமழை பொய்த்தது. 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. உழுதவர்கள் நிவாரண வேலைக்கு மண் சுமந்தார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்போது வெட்டப்பட்டதே. 1877இல் ரிச்சர்டு டெம்பிள் நாட்கூலியை ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசுமாகக் குறைத்தார். மண் சுமந்த உடம்புக்கு அது எப்படிப் போதும்?

ஆயினும் பசித்தவர் எல்லாரும் கப்பலேறிவிடவில்லை. ஊரை விட்டுப் போகவும் பணம் வேண்டும். அந்த இடத்தில்தான் கங்காணி முன்பணத்தோடு வந்தார். பழைய கடனை அடைக்கப் புறப்பட்டவர் புதுக் கடனோடு தோட்டத்தில் இறங்கினார். 1907இல் மலாயாவில் குடியேற்ற நிதி ஏற்பட்ட பிறகு, முதலாளிகள் செலுத்திய தொகையிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. பணமில்லாதவரும் வர வழி பிறந்தது.

1930க்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்தபோது பல்லாயிரம் பேர் திருப்பி அனுப்பப்பட்டனர். ஊரில் காணி வைத்திருந்தவருக்குத் திரும்ப ஓர் இடம் இருந்தது. விற்றுவிட்டு வந்தவருக்கு என்ன இருந்தது?

ஆகவே, மழை ஆளை அசைக்கிறது. அவர் எங்கே, எந்த நிபந்தனையில் போகிறார் என்பதைக் கையிருப்பே தீர்மானிக்கிறது. இதை உணர்ந்தே 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணம் தோட்டங்களை வாங்கியது.

வானத்தை நாம் ஆள முடியாது. ஆனால் ஒரு பருவத்தைத் தாங்கும் சேமிப்பு வீட்டில் இருந்தால், மழை கெடுத்த மாதத்தில் நம் பிள்ளை புத்தகப்பையை இறக்கிவைத்துவிட்டுக் கூடை தூக்க வேண்டியதில்லை.