மயிலாடும்பாறை: 104 செ.மீ., 130 செ.மீ.

பர்கூர் வட்டம் தொகரப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் குன்று மயிலாடும்பாறை. தென்பெண்ணைப் படுகை. 2003-இல் பேராசிரியர் கா. ராஜன் இங்கே அகழாய்வு செய்தார். 2021-இல் மாநிலத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. 2022 மே மாதம் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்த பிறகுதான் ஓசூர்க்காரர்கள் பலருக்கே பெயர் தெரிந்தது. இரும்பின் காலம் கி.மு. 2172. அதுவரை தமிழ்நாட்டில் சொல்லிவந்த பழைய தேதி, மேட்டூர் பக்கத்து தெலுங்கனூர், மாங்காடு தந்த கி.மு. 1500.

வாட்ஸ்அப்பில் இது "4,200 வருஷத்து இரும்பு" என்று சுத்துது. கணித்தது இரும்பின் வயதை அல்ல, அந்த மண்ணடுக்கில் கிடைத்த கரியின் வயதை. ஃபோல்டர் தேதியை வைத்து உள்ளே இருக்கும் ஃபைலுக்குத் தேதி சொல்வது மாதிரி. பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் எலி வளை ஒன்று போதும், மேலடுக்குப் பொருள் கீழே இறங்கிவிடும். இன்னொன்று, மரத்தின் உள்வயிரம் அந்த மரத்தை வெட்டுவதற்கு ரொம்ப காலம் முன்பே வளர்ந்து முடிந்தது. அதை எரித்தால் கரி அந்தப் பழைய வயதைத்தான் காட்டும்.

அப்புறம் ஏன் நம்பணும்? இரண்டு மாதிரிகள். 104 செ.மீ. ஆழத்தில் கி.மு. 1615, 130 செ.மீ. ஆழத்தில் கி.மு. 2172. ஆழம் கூடக்கூட வயதும் கூடுது. 26 செ.மீ.க்கு 557 வருஷம். அடுக்கு கலைந்திருந்தால் இந்த வரிசை தலைகீழாகவும் வந்திருக்கலாம். எனக்கு இது நல்ல சாட்சி. ஆனாலும் இரண்டே புள்ளிகளை வைத்து யாரும் கிராஃப் போட மாட்டாங்க.

2025 ஜனவரியில் 'இரும்பின் தொன்மை' அறிக்கை வந்ததும், சிவகளையின் கி.மு. 3345 தலைப்புச் செய்தியானது, மயிலாடும்பாறை உள்பக்கத்துக்குப் போய்விட்டது. எனக்கு இதில் வருத்தம்தான். முந்தியது யார் என்பதைவிட, புதிய கற்காலம் எங்கே முடிந்து இரும்பு எங்கே தொடங்கியது என்ற கேள்விதான் பெரிசு. கற்கோடரி தீட்டிய பள்ளங்களும் இரும்பும் ஒரே குன்றில் இருக்கும்போது அதற்குப் பதில் தேட இதைவிட நல்ல இடம் எது?

மூன்றாவது மாதிரி இங்கேயே கிடைக்கணும்னு இல்லை. கங்காவரம், சந்தூர், குட்டூர், கப்பல்வாடி என்று பத்து கிலோமீட்டருக்குள் தொல்லிடங்கள் வரிசையாக இருக்கு. ஆனால் கிரானைட்டுக்குப் பேர்போன மாவட்டம் இது. 130 செ.மீ. மண்ணை ஜேசிபி ஒரே வாளியில் அள்ளிவிடும்.