லோட்டஸ் ஓட்ட அணியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

பேரரசுகளின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஆராய்தலே வரலாற்று மாணவனின் முதற்கடன் என்பது பழைய கொள்கை. ஆயினும், தொழிற்சாலை, வணிக நிலையம், விளையாட்டுக் கழகம் முதலிய சிறிய அமைப்புகளின் வரலாறும் அவ்வேற்ற இறக்கங்களின் காரணங்களைச் சுருங்கிய அளவிற் காட்ட வல்லது. திருக்கோணமலையில் வாழ்வோர்க்கு இது புதிய செய்தியன்று. கீழைக் கடல்களிலே பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளமாய் விளங்கிய இத்துறைமுகம் 1957ஆம் ஆண்டில் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. தளத்தின் வலிமைக்கு ஊற்றாயிருந்த பேரரசு தளர்ந்தபோது தளமும் தன் பழைய நிலையை இழந்தது. ஓர் அமைப்பின் வலிமைக்கு ஊற்று எது, அவ்வூற்று வற்றிய பின் எஞ்சுவது யாது என்னும் இரு வினாக்களையும், மோட்டார் ஓட்ட உலகில் ஒருகாலத்தில் நிகரற்று விளங்கிய லோட்டஸ் அணியின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

இவ்விளையாட்டின் வளர்ச்சிக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் நெருங்கிய தொடர்புண்டு. போர்க்காலத்தில் பிரித்தானியப் பேரரசெங்கும் விமானத்தளங்கள் எழுந்தன. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளான சீனன்குடாத் தளம் போருக்குப் பின்னும் விமானத்தளமாகவே நிலைத்தது. வேறு பல தளங்களோ பயனிழந்தன. அவற்றின் நீண்ட ஓடுபாதைகள் மோட்டார் ஓட்டத்துக்கு ஏற்றனவாய் அமைந்தன. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டன், தென்னிலங்கையில் கட்டுக்குருந்தை, சென்னைக்கு அண்மையிற் சோழவரம் ஆகிய மூன்றும் இவ்வாறு ஓட்டக்களங்களாக மாறியவையே. லோட்டஸ் நிறுவனம் 1966ஆம் ஆண்டிற் குடிபுகுந்த ஹெதல் என்னுமிடமும் போர்க்கால விமானத்தளமேயாகும்.

லோட்டஸ் என்பது தாமரையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அப்பெயரை இட்டவர் கொலின் சாப்மன். 1928ஆம் ஆண்டிற் பிறந்த இவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எந்திரவியல் பயின்றவர். விமானம் செலுத்தவும் கற்றவர். மாணவப் பருவத்திலேயே பழைய ஒஸ்ரின் கார் ஒன்றைத் திருத்தியமைத்து ஓட்டங்களிற் கலந்துகொண்டார். தந்தையாரின் விடுதிக்குப் பின்னாலிருந்த குதிரைலாயத்தில் 1952ஆம் ஆண்டு அவருடைய நிறுவனம் தொடங்கிற்று. ஆறே ஆண்டுகளில், 1958ஆம் ஆண்டு மொனாக்கோவில், அவருடைய அணி உலகச் சாதனைப் பட்டத்துக்குரிய கிராண்ட் பிரீ ஓட்டங்களிற் புகுந்தது.

அக்காலத்தில் வெற்றிக்கு வழி பெரிய எஞ்சின் என்பதே பலரின் எண்ணம். சாப்மனோ பாரத்தைக் குறைத்தலே வழி எனக் கண்டார். எஞ்சினின் வலு நேர்ப்பாதையில் மட்டுமே உதவும். பாரக்குறைவோ வளைவிலும், வேகம் கூட்டும்போதும், நிறுத்தும்போதும் உதவும். விமானக் கட்டட நூலறிவு இவ்வகையில் அவருக்குத் துணைநின்றது. 1962ஆம் ஆண்டு வெளிவந்த லோட்டஸ் 25 என்னும் காரிற் குழாய்ச் சட்டகத்தை நீக்கி, மெல்லிய உலோகத் தகடுகளை விமான உடல்போல இணைத்து, அவ்வுடலையே சட்டகமாக்கினார். 1967ஆம் ஆண்டின் லோட்டஸ் 49இலோ, போர்ட் கம்பனியின் பணவுதவியுடன் கொஸ்வேர்த் நிறுவனம் அமைத்த எஞ்சினே காரின் பின்னுடலாகவும் நின்று பாரத்தைத் தாங்கிற்று. அக்கார் தன் முதல் ஓட்டத்திலேயே வெற்றி கண்டது.

இதன் பயன் பெரிது. ஸ்கொத்துலாந்து விவசாயியான ஜிம் கிளார்க் 1963ஆம் ஆண்டிற் பத்து ஓட்டங்களுள் ஏழில் வென்று உலக வீரரானார். 1965ஆம் ஆண்டில் மீண்டும் அப்பட்டத்தைப் பெற்றதோடு, அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் ஓட்டத்தையும் வென்றார். எஞ்சின் பின்புறம் அமைந்த கார் அங்கு வென்றது அதுவே முதன்முறை. கிளார்க் ஈட்டிய 25 கிராண்ட் பிரீ வெற்றிகளும் லோட்டஸ் காரிலேயே ஈட்டப்பட்டன. 1963, 1965, 1968, 1970, 1972, 1973, 1978 ஆகிய ஏழு ஆண்டுகளிற் கார் அமைப்போருக்கான உலகப் பட்டம் லோட்டஸுக்கே உரியதாயிற்று.

இப்பெருமைக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. 1968 ஏப்பிரலிற் கிளார்க் ஜெர்மனியில் ஹொக்கன்ஹைம் களத்தில் உயிர்துறந்தார். அடுத்த மாதமே மைக் ஸ்பென்ஸ் இந்தியானாபொலிஸில் மாண்டார். 1969ஆம் ஆண்டு ஸ்பானிய ஓட்டத்தில், தரையழுத்தத்துக்காகப் பூட்டிய உயர்ந்த சிறகுகள் முறிந்து லோட்டஸ் கார்கள் இரண்டும் சிதைந்தன. அதன்பின் யோகன் ரிண்ட் என்னும் சாரதி சாப்மனுக்குக் கடிதம் வரைந்தார். காரின் வேகம் போதியது. சிறிது பாரத்தைக் கூட்டியேனும் நலிந்த உறுப்புகளை வலுப்படுத்துக என்பதே அவர் வேண்டுகோளின் சாரம். 1970 செத்தெம்பர் 5ஆம் நாள் இத்தாலியின் மொன்சாவிற் பயிற்சியின்போது முன்சில்லின் நிறுத்துதண்டு முறிந்தமையால் அவர் மாண்டார். அதுவரை அவர் பெற்ற புள்ளிகளை வேறெவரும் தாண்டாமையால், உலகப் பட்டம் இறந்த பின்னர் அவருக்கு வழங்கப்பட்டது. எல்லா மரணங்களுக்கும் சாப்மனே பொறுப்பென்றல் நேர்மையன்று. ஆயினும், வெற்றியைத் தந்த அதே கொள்கை அளவு கடந்தபோது உயிரையும் கொண்டது என்பதை மறுத்தலும் இயலாது.

அணியின் இறுதிப் பெருவெற்றி 1978ஆம் ஆண்டிற் கிட்டியது. லோட்டஸ் 78, 79 ஆகிய கார்களின் பக்கங்களின் அடிப்புறம் கவிழ்த்த விமானச் சிறகின் வடிவில் அமைந்திருந்தது. அதனூடே விரைந்து செல்லும் காற்றின் அழுத்தம் குறைய, கார் தரையோடு இழுக்கப்பட்டது. வளைவுகளைப் பிறரினும் விரைவாகக் கடந்தது. மரியோ அந்திரெத்தி உலக வீரரானார். ஆனால் அவருடைய தோழர் ரொனி பீட்டர்சன், மொன்சாவில் ஓட்டத் தொடக்கத்தில் நேர்ந்த மோதலிற் காயமுற்று மறுநாள் உயிர்நீத்தார்.

லோட்டஸின் வீழ்ச்சி சாப்மனின் மறைவோடு தொடங்கியது என்பது பொதுவான கருத்து. ஆண்டுகளை வரிசைப்படுத்தி நோக்குவோர்க்கு அக்கருத்துப் பொருந்தாமை புலனாகும். 1979, 1980, 1981 ஆகிய மூன்றாண்டுகளிலும், சாப்மன் தலைமையிலேயே, அணி ஓர் ஓட்டத்திலும் வெல்லவில்லை. காரணம் இருவகைப்பட்டது.

முதலாவது, அவர் கண்ட புதுமைகள் யாவும் விரைவிற் பொதுவுடைமையாயின. கொஸ்வேர்த் எஞ்சின் 1968 முதற் பிற அணிகளுக்கும் விற்கப்பட்டது. அது ஈட்டிய 155 வெற்றிகளிற் பெரும்பங்கு பிறருடையது. காற்றழுத்தத் தத்துவத்தை வில்லியம்ஸ் அணி கைக்கொண்டு, அதற்கேற்ற உறுதியான சட்டகத்தை அமைத்து, 1980ஆம் ஆண்டின் பட்டத்தைப் பெற்றது. பிறர் பழைய புதுமையைச் செம்மைப்படுத்த, சாப்மன் அதனைக் கைவிட்டு வேறொன்றை நாடினார். லோட்டஸ் 80 ஓடும்போதே மேலும் கீழும் குதித்தமையால் மூன்று ஓட்டங்களோடு கைவிடப்பட்டது. இரட்டைச் சட்டகம் கொண்ட லோட்டஸ் 88 விதிக்கு மாறானதென 1981ஆம் ஆண்டில் விலக்கப்பட்டது. இரண்டாவது, ரெனோ, பெராரி முதலிய கார்க் கம்பனிகள் ரேர்போ எஞ்சினுடன் களமிறங்கின. குறைந்த பணத்தில் நிறைந்த அறிவைக் கொண்டு வெல்லும் காலம் கழிந்தது.

1982ஆம் ஆண்டு ஒஸ்திரிய ஓட்டத்தில் ஒரு வெற்றி கிடைத்தது. அவ்வாண்டு திசெம்பர் 16ஆம் நாள், தமது 54ஆம் வயதில், சாப்மன் மாரடைப்பாற் காலமானார்.

அதன்பின் பீற்றர் வார் அணியை நடத்தினார். 1985 முதல் 1987 வரை பிரேசில் நாட்டு இளைஞர் அயர்டன் சென்னா ஆறு வெற்றிகளை ஈட்டினார். கணிப்பொறியால் இயங்கும் தொங்கலமைப்புக் கொண்ட காரில் 1987ஆம் ஆண்டு மொனாக்கோவில் அவர் வென்றது, அணியிற் புதுமைச் சிந்தனை முற்றாக அணையவில்லை என்பதற்குச் சான்று. ஆயினும், அவ்வாண்டு டெட்ரொயிற்றில் அவர் பெற்ற வெற்றியே அணியின் கடைசி வெற்றியாயிற்று. லோட்டஸ் கார்கள் ஈட்டிய மொத்த வெற்றிகள் 79.

சென்னா மக்லாரன் அணிக்குச் சென்ற 1988ஆம் ஆண்டு, வீழ்ச்சியின் காரணத்தை அளந்தறிதற்கு உரைகல்லாய் அமைகின்றது. அவ்வாண்டு இரு அணிகளும் ஒரே ஹொண்டா எஞ்சினைப் பெற்றன. முந்திய ஆண்டின் உலக வீரர் நெல்சன் பிக்கே லோட்டஸிலேயே இருந்தார். எனினும் 16 ஓட்டங்களில் மக்லாரன் 15இல் வென்றது. லோட்டஸ் ஒன்றிலேனும் வெல்லவில்லை. மக்லாரன் பெற்ற புள்ளிகள் 199. லோட்டஸ் பெற்றவை 23. எஞ்சினும் குறையன்று, சாரதியும் குறையல்லர். காரை அமைக்கும் அறிவே தளர்ந்திருந்தது என்பது இதனால் ஐயமற விளங்கும்.

பின்னர் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. 1989ஆம் ஆண்டு பெல்ஜிய ஓட்டத்தில் லோட்டஸ் கார்கள் இரண்டும் தகுதிச் சுற்றிலேயே வெளியேறின. 1990ஆம் ஆண்டின் இறுதியிற் பெரும் புரவலரான சிகரெட் நிறுவனம் விலகியது. 1994ஆம் ஆண்டில் ஒரு புள்ளியும் பெறாத நிலையிற் கடன் மிகுந்து, நிருவாகம் நீதிமன்றம் நியமித்தோரின் கைக்கு மாறியது. அவ்வாண்டு நவம்பர் 13ஆம் நாள் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட்டில் அணி தன் இறுதி ஓட்டத்தை ஓடி, 1995 சனவரியிற் கலைந்தது.

பெயர் மட்டும் அழியவில்லை. மலேசிய வணிகர் ஒருவரின் அணி 2010, 2011ஆம் ஆண்டுகளில் லோட்டஸ் என்னும் பெயரைத் தாங்கிற்று. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2011ஆம் ஆண்டு ஜெர்மானிய ஓட்டத்தில் அவ்வணியின் காரைச் செலுத்தி இருபதாம் இடம் பெற்றார். அடுத்த ஆண்டில் அப்பெயர் வேறோர் அணியைச் சேர்ந்தது. கைமாறியது பெயரேயன்றிப் பழைய அணியின் அறிவன்று.

நிறுவியவர் மறைவதால் அமைப்பும் மறைதல் இயற்கையெனச் சிலர் கூறுவர். மக்லாரன் அணியின் வரலாறு அதனை மறுக்கின்றது. அதனை நிறுவிய புரூஸ் மக்லாரன் 1970ஆம் ஆண்டிலேயே சோதனை ஓட்டமொன்றில் மாண்டார். அவ்வணியின் உலகப் பட்டங்கள் யாவும் அதற்குப் பின்னரே கிட்டியவை. முதற்பட்டத்தை 1974ஆம் ஆண்டில் ஈட்டித் தந்தவர், லோட்டஸிலிருந்து சென்ற எமர்சன் பிட்டிபால்டியே. அங்கு ஒருவரின் பணியை மற்றொருவர் ஏற்று நடத்தும் முறை வேரூன்றியிருந்தது. லோட்டஸிலோ திறமைசாலிகள் பலர் இருந்தும், இறுதி முடிவு யாவும் ஒருவர் உள்ளத்திலேயே பிறந்தன. அவ்வுள்ளம் சோர்ந்த மூன்றாண்டுகளில் அதற்கு ஈடுசெய்வார் இல்லை. அது மறைந்த பின் அதன் இடத்தை நிரப்புவாரும் இல்லை.

திருக்கோணமலையின் ஆழ்ந்த துறைமுகம் இயற்கை தந்தது. ஆட்சிகள் மாறினும் அது குன்றாது நிற்கும். அறிவினால் எழும் அமைப்புக்கு அத்தகைய இயற்கை அரண் இல்லை. தொழிற்சாலையாயினும் கல்லூரியாயினும், ஒரு தலைமுறை கண்டதை அடுத்த தலைமுறைக்குக் கற்பித்து, அதனைத் திருத்தும் உரிமையையும் உடன் வழங்குதலே அதற்குரிய ஒரே அரண். முப்பத்தாறு ஆண்டுகள் களத்தில் நின்ற லோட்டஸ் அணி கட்டத் தவறியது அவ்வரணையே.