கார் கொட்டகைக்குள் ஒரு தொழிற்சாலை

அம்பாஸடர் காரில் ஒருமுறையாவது பயணம் செய்தவரா நீங்கள்? அப்படியானால் பிரிட்டனின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் உறவினரை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். 2014 வரை உத்தரபாராவில் தயாரான அந்தக் காரில் நெடுங்காலம் பொருத்தப்பட்டிருந்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின், பிரிட்டனில் ‘பி-சீரிஸ்’ எனப்பட்ட எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே அளவுள்ள எஞ்சின் இரண்டு கார்புரேட்டர்களுடன் எம்.ஜி.ஏ. என்னும் இருவர் அமரும் காரை ஓட்டியது. பிறகு அது 1798 கன சென்டிமீட்டராக வளர்க்கப்பட்டு, 1962-ல் வெளிவந்த எம்.ஜி.பி. காரின் எஞ்சினாயிற்று. கல்யாண ஊர்வலத்தில் மெதுவாகச் சென்ற வண்டிக்கும், பந்தயப் பாதையில் சீறிய வண்டிக்கும் நெஞ்சு ஒரே வார்ப்புதான்.

எம்.ஜி.பி. 1980 வரை தயாரிக்கப்பட்டது. கூரையற்ற வகை, கூரையுள்ள ஜி.டி. வகை இரண்டும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள ஆபிங்டன் ஊரில் உருவாயின. விற்பனை நின்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவை இன்னும் பெருந்தொகையில் ஓடுகின்றன. அவற்றை ஓட வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் மெக்கானிக்குகள் அல்லர். ஆசிரியர், குமாஸ்தா, தபால்காரர் என்று வேறு தொழில் பார்ப்பவர்கள். மாலை நேரத்தில் வீட்டுக் கொட்டகையில் விளக்கைப் போட்டுக்கொண்டு காரின் அடியில் படுத்திருப்பவர்கள். இந்தப் பழக்கம் எப்படி வந்தது, அதற்குள் எவ்வளவு பௌதிகம் இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

தொடக்கம் ஆஸ்டின் செவன் என்ற சின்னஞ்சிறு கார். 1922-ல் அறிமுகமாகி 1939 வரை தயாரான இது, பழையதானதும் மிக மலிவாகக் கிடைத்தது. உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, அடிச்சட்டத்தின் மேல் தன் விருப்பப்படி ஒரு லேசான உடலைப் பொருத்திக்கொள்வது இளைஞர்களின் பொழுதுபோக்காயிற்று. பின்னாளில் லோட்டஸ் நிறுவனத்தை நிறுவிய காலின் சாப்மன் தம் முதல் காரை 1948-ல் இப்படித்தான், ஒரு வீட்டின் பின்புறக் கொட்டகையில் செய்து முடித்தார்.

அரசாங்கமும் தன்னையறியாமல் இதற்கு உதவியது. 1940-ல் கொண்டுவரப்பட்ட கொள்முதல் வரி முழுமையான காருக்கு உண்டு; உதிரி பாகங்களாக வாங்கி வீட்டிலே பூட்டிக்கொண்டால் இல்லை. 1957-ல் வந்த லோட்டஸ் செவன் இந்தச் சந்து வழியாகத்தான் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் பெட்டிகளில் நுழைந்தது. பாகங்களுடன் ‘பூட்டும் முறை’ விளக்கம் தரக்கூடாது என்று விதி இருந்ததாகவும், அதனால் ‘கழற்றும் முறை’ விளக்கம் தந்து, அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னதாகவும் ஒரு வேடிக்கைக் கதை உண்டு. 1973-ல் அந்த வரி நீங்கி மதிப்புக் கூட்டு வரி வந்ததும் சந்து அடைபட்டது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை ஸ்பானர் பிடிக்கக் கற்றுவிட்டது.

அந்தத் தலைமுறைக்குப் பாடப்புத்தகம் எழுதியவர் ஜான் ஹெய்ன்ஸ். பள்ளி மாணவராக இருந்தபோதே ஆஸ்டின் செவனை மாற்றியமைத்து, அதைப்பற்றி ஒரு சிறு பிரசுரம் எழுதி விற்றவர் அவர். 1965-ல் பிரிட்டிஷ் விமானப் படையில் ஏடன் நகரில் பணிபுரிந்தபோது, உடன் பணியாற்றிய நண்பர் பழைய ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் ஒன்றை வாங்கினார். அதுவும் ஆபிங்டனில் பிறந்த ஸ்போர்ட்ஸ் கார்தான். தொழிற்சாலையின் கையேடு அனுபவமுள்ள மெக்கானிக்குக்காக எழுதப்பட்டிருந்தது. சாதாரண ஆளுக்கு அது உதவவில்லை. ஹெய்ன்ஸ் அந்த எஞ்சினைத் தாமே பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் புகைப்படம் எடுத்து, மறுபடி பூட்டினார். 1966-ல் அது நூலாக வந்தது. முதல் பதிப்பின் 3,000 படிகள் மூன்று மாதத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. வீட்டில் கார் பிரிப்பவர்கள் அனைவருக்கும் பிறகு வழிகாட்டிய ஹெய்ன்ஸ் கையேடுகளின் வரிசை, இவ்வாறு ஒரு ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து பிறந்தது. எழுதியவர் தம் கையால் செய்து பார்த்த பின்பே எழுதுவது என்ற இந்த முறை நம் செய்முறைக் கையேடுகளுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

இனி எம்.ஜி.பி.யைத் தூக்கி நிறுத்துவோம்.

எம்.ஜி.ஏ. காருக்குத் தனியே கனமான அடிச்சட்டம் உண்டு. உடல் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. தலைமைப் பொறியாளர் சிட் எனவர் எம்.ஜி.பி.க்கு அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டார். மெல்லிய தகடுகளை மடித்து, புள்ளிப் பற்றவைப்பால் இணைத்து, உடலே சட்டமாகவும் இருக்கும்படி செய்தார். எடை குறைந்தது, உட்புற இடம் கூடியது. ஆனால் கூரையற்ற காரில் ஒரு சிக்கல் உண்டு. கூரையுள்ள கார் ஒரு மூடிய பெட்டி. அதை எளிதில் முறுக்க முடியாது. கூரையை எடுத்துவிட்டால் அது பாதித் தொட்டி. அதன் வலிமை முழுவதையும் கதவுகளுக்குக் கீழே இரு பக்கமும் நீளவாட்டில் ஓடும் ‘சில்’ என்ற பெட்டிக் குழாய்கள் தாங்க வேண்டும். வெளித்தகடு, நடுவே செங்குத்தாக ஒரு தகடு, உள்தகடு எனப் பல அடுக்குகள் சேர்ந்தது அது.

குழாய் மூடியிருப்பதில் என்ன வந்தது என்று கேட்பீர்களானால், ஒரு சோதனை செய்து பாருங்கள். துணிக்கடையில் துணி சுற்றிவரும் அட்டைக் குழாய் ஒன்றை வாங்கி வாருங்கள். இரு கைகளாலும் பிடித்து முறுக்குங்கள்; அசையாது. இப்போது கத்தியால் நீளவாட்டில் ஒரே ஒரு கீறல் இட்டு, மறுபடி முறுக்குங்கள். துணியைப் பிழிவதுபோல் நெகிழ்ந்துவிடும். அட்டையில் ஒரு துளியும் குறையவில்லை. வளையம் மட்டும் அறுந்தது. எம்.ஜி.பி.யின் சில்லில் துரு செய்வதும் இந்தக் கீறல்தான்.

அந்தத் துரு உள்ளிருந்து தொடங்குவது கவனிக்கத்தக்கது. பிரிட்டனில் குளிர்காலத்தில் பனிக்கட்டி உருகுவதற்காகச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பு நீர் சக்கர வளைவில் சேறாகத் தங்கி, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடுக்குகளில் புகுகிறது. இடுக்கின் உள்ளே ஆக்சிஜன் குறைவு, வாயில் அதிகம். இந்த வேற்றுமையே ஒரு சிறு மின்கலமாகி, ஆக்சிஜன் குறைந்த உட்பகுதி நேர்மின்வாயாகி இரும்பை இழக்கிறது. உண்டாகும் துரு, தான் தின்ற இரும்பைவிட இரு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். எனவே தகடுகளைப் பிதுக்கிப் பிரிக்கும். இன்னும் நீர் புகும். வெளியே வர்ணத்தில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் வீட்டு வேலைக்காரரின் பொறுமை சோதிக்கப்படுகிறது. அழுகிய சில்லை அப்படியே அறுத்து எடுத்தால், காரின் நடு உடல் தொய்ந்துவிடும். கதவு நிலையின் மேற்பக்க இடைவெளி குறுகும். அந்த நிலையில் புதிய சில்லைப் பற்றவைத்தால், தொய்வும் நிரந்தரமாகும். கதவு இனி ஒருபோதும் சரியாக மூடாது. ஆகவே அறுப்பதற்கு முன் கதவு நிலையின் குறுக்கே இரும்புக் கம்பியை முட்டுக்கொடுத்துப் பற்றவைக்க வேண்டும். கதவை மாட்டிப் பார்த்து இடைவெளிகளை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் முற்றிலும் முடிந்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். 1980-களில் சிறிய மிக் வெல்டிங் கருவிகள் வீட்டு உபயோகத்துக்கு விலைகுறைந்து வந்த பிறகு இது பலருக்கும் கைகூடியது; அதற்கு முன் ஆக்ஸி-அசிட்டிலீன் சுடரால் மெல்லிய தகடுகளை நெளியாமல் ஒட்டுவது கைதேர்ந்தவர் வேலை.

பழுத்த சில்லின்மேல் பளபளப்பான புதிய வெளித்தகட்டை மட்டும் ஒட்டி, வர்ணம் பூசி விற்றவர்களும் உண்டு. பார்வைக்குப் புதிய கார், மோதினால் அட்டைப்பெட்டி. 1960-ல் பிரிட்டனில் பழைய வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட எம்.ஓ.டி. சோதனையில் பின்னாளில் துருவையும் பார்க்கத் தொடங்கியது நியாயமானதே. 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத நாற்பது வயது கடந்த வண்டிகளுக்கு அந்தச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. என் பார்வையில் இது தவறான தாராளம். நாற்பது வயதானதால் சில்லுக்குள் இருக்கும் துரு ஓய்வு பெற்றுவிடுவதில்லை.

துருவை விட்டு இனிமையான பகுதிக்கு வருவோம். எம்.ஜி.பி.யின் எஞ்சினுக்குப் பக்கத்தில், கவிழ்த்த பித்தளைச் செம்புபோல் இரண்டு குமிழ்கள் தெரியும். அவையே எஸ்.யு. கார்புரேட்டர்கள். அந்த எழுத்துகள் ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’ என்பதன் சுருக்கம். ஸ்கின்னர் சகோதரர்கள் லண்டனின் பெயர்பெற்ற செருப்புக் கடைக் குடும்பத்தினர். அவர்களின் முதல் கார்புரேட்டரில் அசையும் பகுதி தோலாலான துருத்தி! தோல் வணிகத்தின் பிள்ளைகளுக்கு வேறு எது தோன்றும்? 1910-ல் நிறுவனமாகிய இது 1926-ல் வில்லியம் மோரிஸ் கைக்கு வந்தது. துருத்தியின் இடத்தை உலோகப் பிஸ்டன் பிடித்தது.

அதன் தத்துவம் மிக எளியது. குமிழுக்குள் ஒரு பிஸ்டன் தன் எடையால் கீழே உட்கார்ந்து காற்றுப் பாதையை அடைக்கிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது பிஸ்டனின் மேலே அழுத்தம் குறைகிறது, பிஸ்டன் மேலெழும், வழி பெரிதாகும். எவ்வளவு எழும்? தன் எடையையும் மேலிருக்கும் மெல்லிய சுருளின் அழுத்தையும் அழுத்த வேறுபாடு சரியாகத் தாங்கும் வரை. எடையைப் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் அழுத்தமே அது. பிஸ்டன் எங்கே நின்றாலும் ஏறக்குறைய மாறாது. அழுத்த வேறுபாடு மாறாததால் காற்றின் வேகமும் பெரிதாக மாறாது. மற்றக் கார்புரேட்டர்களில் வேகத்துக்கு வேகம் வேறுவேறு துளைகள் தேவைப்பட, இங்கு ஒரே துளை போதும். பிஸ்டனிலிருந்து தொங்கும் கூம்பு ஊசி அந்தத் துளையில் ஏறி இறங்கிப் பெட்ரோலை அளந்துவிடுகிறது. பெர்னூலி தேற்றத்தைக் கரும்பலகையில் நடத்தும் ஆசிரியர்கள் ஒரு பழைய எஸ்.யு.வை வகுப்புக்கு எடுத்துச் சென்றால் பாதி விளக்கம் மிச்சமாகும்.

இதைச் சரிபார்க்கவும் கருவி வேண்டாம். எஞ்சின் ஓடும்போது பிஸ்டனைச் சுமார் 0.8 மில்லிமீட்டர் உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. கணநேரம் சற்றே கூடித் திரும்பினால் கலவை சரி. இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று அறிய, ஒரு ரப்பர்க் குழாயைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொன்றின் வாயிலும் காட்டினால் போதும். சீறல் இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும். நம் ஊர் மெக்கானிக் ஸ்க்ரூடிரைவர் பிடியைக் காதில் வைத்து எஞ்சினைக் கேட்பதுபோலத்தான்.

மின்சாரப் பகுதியில் லூகாஸ் நிறுவனத்தை ‘இருளின் இளவரசன்’ என்று கேலி செய்வது அங்கே வழக்கம். சென்னைப் பாடியிலுள்ள லூகாஸ்-டிவிஎஸ் வழியாக நமக்கும் பழகிய பெயர் இது. கேலியில் பாதி அநியாயம். 60 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் கேட்கும். உடலோடு சேரும் இணைப்பில் துருவால் வெறும் 0.4 ஓம் தடை வந்தால், விளக்குக்கு ஏறத்தாழ 10.3 வோல்ட்தான் மிஞ்சும். வெளிச்சம் சுமார் அறுபது சதவீதமாகக் குறையும். உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்தால் இளவரசன் ஓடிவிடுவான்.

1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. அதை எதிர்முனைக்கு மாற்ற விரும்புவோர் பேட்டரி இணைப்பைத் திருப்பினால் மட்டும் போதாது. டைனமோவின் மின்காந்தத்தில் எஞ்சியிருக்கும் சிறிதளவு காந்தம்தான் மின்னாக்கத்தைத் தொடங்கி வைக்கிறது. அதன் திசையையும் மாற்ற வேண்டும். டைனமோவின் ‘எஃப்’ முனையிலிருந்த கம்பியைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் மின்முனையிலிருந்து ஒரு கம்பியை அந்த முனையில் சில முறை நொடிப்பொழுது தொட்டால் காந்தம் திசைமாறிவிடும். ஒரு பொறி பறக்கும், அவ்வளவுதான்.

1979 செப்டம்பரில் ஆபிங்டனில் தொழிற்சாலையின் ஐம்பதாம் ஆண்டு விழாக் கொண்டாடினார்கள். விழா முடிந்த உடனேயே மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. 1980 அக்டோபரில் கதவு சாத்தப்பட்டது. உதிரி பாகங்கள் தீர்ந்தால் என்ன செய்வது? உடல் தகடுகளை அழுத்திய அச்சுகளைத் தேடிப்பிடித்து, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற அமைப்பு 1988-ல் எம்.ஜி.பி.யின் முழு உடலையே மறுபடி தயாரித்து விற்கத் தொடங்கியது. துருப்பிடித்த காரிலிருந்து எஞ்சின், அச்சு, இருக்கை அனைத்தையும் கழற்றிப் புதிய உடலில் பூட்டிக்கொள்ளலாம்.

அப்படிப் பூட்டியது பழைய காரா, புதிய காரா? இது வெறும் வேதாந்தக் கேள்வி அன்று. 1929, 1930 ஆண்டுகளில் லெ மான்ஸ் பந்தயத்தில் வென்ற ‘ஓல்ட் நம்பர் ஒன்’ பென்ட்லி காரை ஒரு கோடி பவுனுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், அதில் அந்நாளைய பாகங்கள் மிகக் குறைவு என்று வாதிட்டனர். 1990-ல் நீதிபதி ஆட்டன், பாகங்கள் படிப்படியாக மாறினாலும் வரலாறு அறுபடாமல் தொடர்ந்ததால் அது அதே கார்தான் என்று தீர்ப்பளித்தார். பிரிட்டிஷ் வண்டிப் பதிவு அலுவலகமோ பல்லாண்டுகள் மதிப்பெண் போட்டது. பழைய பதிவு எண்ணைத் தக்கவைக்க 8 மதிப்பெண் வேண்டும். உடலுக்கு 5, அச்சு, கியர், ஸ்டியரிங், ஸ்பிரிங் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1 மட்டுமே. மாற்றமில்லாத அதே வகையின் புதிய உடலுக்கும் அந்த 5 கிடைத்தது. நீதிபதியின் அளவுகோலே எனக்குப் பிடிக்கிறது. சில்லை மாற்றியவர் எதை அறுத்தார், எதை வைத்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் காரின் வரலாறு அறுபடவில்லை.

பழுதுபார்க்கப் பிறந்த அந்த உடலுக்கு இன்னொரு திருப்பமும் வந்தது. 1992-ல் ரோவர் நிறுவனம் அதையே அடிப்படையாக்கி, எட்டு சிலிண்டர் எஞ்சின் பொருத்தி, எம்.ஜி. ஆர்.வி.8 என்ற புதிய காரை அறிவித்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் தயாராயின. பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின. அவற்றில் பல பின்னாளில் இரண்டாம் கை வண்டிகளாகக் கப்பலேறி பிரிட்டனுக்கே திரும்பி, மறுபடியும் வீட்டுக் கொட்டகைகளுக்குள் நுழைந்திருக்கின்றன.